பிள்ளை பெயரில் வீடு, பெற்றோர் பெயரில் கடன்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது பழைய பேச்சு. சிங்கப்பூரில் பெரும்பாலோர் வீட்டைக் கட்டுவதில்லை, வாங்குகிறார்கள். ஒரு வீட்டுக்கு உரிமையாளராகி, அதன் கடனையும் அடைத்து முடித்த குடும்பத்தில் அடுத்த பேச்சு தானாகவே தொடங்கிவிடுகிறது. “இன்னொரு வீடு வாங்கி வைத்தால் என்ன? வாடகையும் வரும், பிள்ளைக்கும் ஆகும்.”

இந்தப் பேச்சு எழும் இடத்தில் இப்போது ஒரு யோசனையும் சேர்ந்து வருகிறது. “உங்கள் பெயரில் வாங்கினால் கூடுதல் முத்திரை வரி கட்ட வேண்டும். பிள்ளைக்காக டிரஸ்ட் அமைத்து வாங்கினால் அந்த வரி மிச்சம்” என்று உறவினர் ஒருவர் சொல்வார், அல்லது சொத்து முகவர் சொல்வார். சொல்வது பொய் அல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல. டிரஸ்ட் என்ன செய்யும், கடன் என்ன செய்யும், இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதை நேயர்கள் தெரிந்துகொண்டால், கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதைத் தாங்களே முடிவு செய்யலாம்.

சாவி ஒருவரிடம், சொத்து இன்னொருவருக்கு

டிரஸ்ட் என்பதைப் புரிந்துகொள்ள நம் மக்களுக்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை. கோயில் அறங்காவலரை நினைத்துக்கொண்டால் போதும். அம்மன் நகைகள் இருக்கும் பெட்டகத்தின் சாவி அவர் கையில் இருக்கும். கணக்கு எழுதுபவர் அவர், பாதுகாப்பவர் அவர். ஆனால் நகை அவருடையது அன்று. தம் மகள் திருமணத்துக்கு அதை எடுத்துப் போட அவருக்கு உரிமை இல்லை.

பிள்ளைக்காக வீடு வாங்கும் டிரஸ்டும் அப்படித்தான். சிங்கப்பூரில் 21 வயது நிறையாத பிள்ளை தன் பெயரில் நிலத்தையோ வீட்டையோ சட்டப்படி பதிவு செய்து வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே தந்தையோ தாயோ டிரஸ்டியாக இருந்து அதை வைத்திருப்பார். பத்திரத்தில் பெற்றோர் பெயர் இருக்கும். சொத்தின் பயன் பிள்ளையைச் சேரும். வீட்டை வாடகைக்கு விட்டால் அந்த வாடகை பிள்ளையின் பணம். அதைப் பிள்ளையின் படிப்புக்கும் வளர்ப்புக்கும் செலவழிக்கலாம். பெற்றோர் தம் சொந்தக் கடனை அடைக்க எடுத்துக்கொள்ளக்கூடாது.

இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கணக்கெல்லாம் எளிதில் விளங்கும்.

வரி ஏறிய கதை

வீடு வாங்குவோருக்கான கூடுதல் முத்திரை வரி 2011 டிசம்பர் 8ஆம் தேதி நடப்புக்கு வந்தது. தொடக்கத்தில் சிங்கப்பூர்க் குடிமகனுக்கு மூன்றாவது வீட்டிலிருந்துதான் அந்த வரி, அதுவும் 3 விழுக்காடு. 2013 ஜனவரியில் இரண்டாவது வீட்டுக்கும் 7 விழுக்காடு வந்தது. 2018 ஜூலையில் அது 12 விழுக்காடாகவும், 2021 டிசம்பரில் 17 விழுக்காடாகவும், 2023 ஏப்ரல் 27 முதல் 20 விழுக்காடாகவும் உயர்ந்தது. அதே நாள் முதல் மூன்றாவது வீட்டுக்கு 30 விழுக்காடு.

வரி ஏற ஏற, டிரஸ்டின் மீது பலர் பார்வை திரும்பியது. பெற்றோருக்கு ஏற்கெனவே வீடு உண்டு. பிள்ளைக்கு இல்லை. பிள்ளையைப் பயனாளியாகக் காட்டினால், குடிமகனின் முதல் வீடு என்ற கணக்கில் கூடுதல் வரி இல்லாமல் போனது.

அரசாங்கம் இதைக் கவனித்தது. 2022 மே 9 முதல், உயிரோடு இருக்கும் ஒருவர் அமைக்கும் டிரஸ்டுக்குக் குடியிருப்புச் சொத்து மாற்றப்பட்டால் 35 விழுக்காடு வரியை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. 2023 ஏப்ரல் 27 முதல் அது 65 விழுக்காடு ஆனது.

கட்டிய வரியைத் திரும்பப் பெற வழி உண்டு. பயனாளி இன்னார் என்று அடையாளம் காட்டக்கூடிய தனிமனிதராக இருக்க வேண்டும். சொத்தின் பயனுரிமை மாற்றப்படும் நேரத்திலேயே அவரிடம் சேர்ந்துவிட வேண்டும். அந்த உரிமையைப் பிறகு மாற்றவோ, திரும்ப எடுக்கவோ, நிபந்தனைக்கு உட்படுத்தவோ கூடாது. பத்திரம் கையெழுத்தான ஆறு மாதங்களுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். இவை நிறைவேறினால், பயனாளிக்குரிய வரி போக மீதித் தொகை திருப்பித் தரப்படும்.

நிபந்தனை கூடாது என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். “எங்கள் காலத்துக்குப் பிறகு மகனுக்கு” என்று எழுதினால் வரி திரும்பாது. “பணத் தேவை வந்தால் நாங்களே எடுத்துக்கொள்வோம்” என்று எழுதினாலும் திரும்பாது. கொடுத்தால் முழுமையாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் கருத்து.

இரண்டு வழிகளின் கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு தம்பதியரை நினைத்துக்கொள்வோம். இருவரும் குடிமக்கள், இருவருக்கும் வயது 45. கடன் அடைத்து முடித்த ஒரு தனியார் வீட்டில் குடியிருக்கிறார்கள். அதன் மதிப்பு 1.6 மில்லியன் வெள்ளி. ஒரே மகனுக்கு வயது 12. அவர்கள் வாங்க நினைப்பது 1.2 மில்லியன் வெள்ளி மதிப்புள்ள இன்னொரு தனியார் வீடு.

எந்த வழியில் வாங்கினாலும் வழக்கமான முத்திரை வரி 32,600 வெள்ளி.

முதல் வழி, சொந்தப் பெயரில் வாங்குவது. கூடுதல் வரி 20 விழுக்காடு, அதாவது 240,000 வெள்ளி. அவர்களுக்கு வேறு வீட்டுக் கடன் இல்லாததால், வீட்டு விலையில் 75 விழுக்காடு வரை வங்கி கடன் தரலாம். 65 வயதுக்குள் முடிய வேண்டும் என்று பார்த்தால் தவணைக் காலம் 20 ஆண்டு. கடன் 900,000 வெள்ளி. கையிலிருந்து போட வேண்டியது முன்பணம் 300,000, வரிகள் 272,600, ஆக 572,600 வெள்ளி.

வருமானத்தையும் வங்கி பார்க்கும். 2021 டிசம்பர் 16 முதல் ஒருவரின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 2022 செப்டம்பர் 30 முதல், வீட்டுக் கடனுக்கு இந்தக் கணக்கைக் குறைந்தது 4 விழுக்காடு வட்டியில் போட வேண்டும். 900,000 வெள்ளிக்கு 20 ஆண்டில் 4 விழுக்காடு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 5,454 வெள்ளி. கார்க் கடன், கடன்பற்று அட்டைப் பாக்கி எதுவும் இல்லாவிட்டாலும் குடும்ப வருமானம் மாதம் 9,916 வெள்ளிக்குக் குறையக்கூடாது. அதே வட்டி கடைசிவரை நீடித்தால், 20 ஆண்டில் வட்டி மட்டும் சுமார் 409,000 வெள்ளி.

இரண்டாவது வழி, மகனுக்காக டிரஸ்ட். கூடுதல் வரி 65 விழுக்காடு, அதாவது 780,000 வெள்ளி. அது பின்னால் திரும்பி வரலாம். ஆனால் முதலில் கட்டியாக வேண்டும். சிங்கப்பூரில் கையெழுத்தான பத்திரத்துக்கு முத்திரை வரி கட்டும் கெடு 14 நாள். வீட்டு விலை, வழக்கமான வரி, கூடுதல் வரி மூன்றும் சேர்த்து 2,012,600 வெள்ளி.

இவ்வளவையும் ரொக்கமாகப் புரட்ட வேண்டும் என்பதுதான் பலர் சொல்லாமல் விடும் செய்தி.

வங்கி ஏன் கைவிரிக்கிறது

டிரஸ்டில் உள்ள வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது மிக அரிது. காரணம் எளிது. கடன் வாங்குபவர் திருப்பிக் கட்டாவிட்டால் வீட்டை விற்றுப் பணத்தை எடுக்க வங்கிக்கு உரிமை வேண்டும். இங்கே வீட்டின் பயன் 12 வயதுப் பையனுடையது. அவனுக்கு வருமானம் இல்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் வயதும் இல்லை. டிரஸ்டியான பெற்றோர் தம் கடனுக்காகப் பிள்ளையின் சொத்தை அடகு வைப்பது டிரஸ்டின் அடிப்படைக்கே முரண். அப்படிப்பட்ட பிணையை வங்கி விரும்புமா?

மத்திய சேம நிதியும் இங்கே உதவாது. உறுப்பினர் தமக்குச் சொந்தமான வீட்டுக்குத்தான் தம் சேமிப்பைப் பயன்படுத்தலாம். பிள்ளைக்காக டிரஸ்டில் வாங்கும் வீடு அவருடையது அன்று. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டை இந்த வழியில் வைக்க நினைப்போருக்கும் ஒரு சொல்: கழகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் கழக வீட்டின் மீது டிரஸ்ட் அமைக்க முடியாது.

குடியிருக்கும் கூரையின் மீது கடன்

ரொக்கம் வேண்டும், வங்கி தராது என்ற நிலையில்தான் ஆபத்தான யோசனை பிறக்கிறது. “இருக்கும் வீடு கடன் இல்லாமல்தானே இருக்கிறது? அதை அடகு வைத்துப் பணம் எடுக்கலாமே.” தனியார் வீட்டின் மீது இப்படிக் கடன் வாங்க வங்கிகளில் திட்டங்கள் உண்டு. கழக வீட்டின் மீது இப்படி ரொக்கம் எடுக்க முடியாது. அந்தக் கடனை எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒவ்வொரு வங்கியும் விதிக்கும் நிபந்தனைகளை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காரணத்தை மறைத்து வாங்குவது பெருந்தவறு.

வங்கி ஒப்புக்கொள்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன தம்பதியர் 1.6 மில்லியன் வெள்ளி வீட்டின் மீது 1.2 மில்லியன் வெள்ளி கடன் எடுக்கிறார்கள். வாழ்நாள் சேமிப்பு 820,000 வெள்ளியையும் சேர்க்கிறார்கள். ஆக 2,020,000 வெள்ளி. வீட்டுக்கும் வரிகளுக்கும் கட்டிய பின் கையில் மிஞ்சுவது 7,400 வெள்ளி.

சில மாதம் கழித்து 780,000 வெள்ளி திரும்பி வருகிறது. அதை அப்படியே கடனில் கட்டிவிடுகிறார்கள். இனி அவர்களின் நிலை என்ன? 420,000 வெள்ளி கடன் பாக்கி. 4 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக்கு மாதம் ஏறத்தாழ 2,545 வெள்ளி தவணை. சேமிப்பு கரைந்துவிட்டது. குடியிருக்கும் வீடு அடமானத்தில். புதிய வீடோ மகனுடையது.

இதற்குப் பிறகு கணவருக்கு வேலை போகிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது மனைவி நோயில் விழுகிறார். தவணை கட்ட முடியாவிட்டால் வங்கி எடுப்பது பெற்றோர் குடியிருக்கும் வீட்டை. மகன் பெயரில் இன்னொரு வீடு இருக்கிறதே, அதை விற்று இதை மீட்கலாமே என்றால் முடியாது. அது மகனின் சொத்து. டிரஸ்டி தம் கடனுக்காக அதை விற்கக்கூடாது. மாதா மாதம் வரும் வாடகையைத் தவணைக்குத் திருப்பிவிடவும் கூடாது. சொந்தப் பெயரில் வாங்கியிருந்தால் நெருக்கடியில் இரண்டாவது வீட்டை விற்று முதல் வீட்டைக் காத்திருக்கலாம்.

அவர்கள் மிச்சம் பிடித்தது 240,000 வெள்ளி வரி. அதற்காகத் தம் கையை விட்டுப் போக விட்டது 1.2 மில்லியன் வெள்ளிச் சொத்து. பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்ற முழு மனத்தோடு கொடுத்தால் அது நல்ல காரியம். முதலீடு என்று நினைத்துச் செய்தால், இலாபம் தமக்கு வராத ஒரு முதலீட்டுக்காகத் தம் கூரையைப் பணயம் வைத்ததாகும்.

மகனுக்கு 21 வயது ஆகும்போது

பிள்ளைக்கு நன்மைதானே என்று ஆறுதல் கொள்வோரும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இத்தகைய டிரஸ்டில் 21 வயது நிறைந்ததும் வீட்டைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி மகன் கேட்கலாம். கேட்டால் மறுக்க முடியாது. விற்றுத் தொழில் தொடங்குவதா, வெளிநாடு போவதா என்பது அவன் முடிவு.

அவன் பொறுப்பானவனாகவே இருக்கட்டும். திருமணம் முடிவாகி, அவனும் வருங்கால மனைவியும் புதிய கழக வீட்டுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறார்கள். தனியார் வீடு வைத்திருந்தவர் அதை விற்று 30 மாதம் கழிந்த பிறகே கழகத்திடமிருந்து புதிய வீடு வாங்க விண்ணப்பிக்கலாம். டிரஸ்ட் வழியாகப் பெற்ற வீடும் இந்தக் கணக்கில் சேரும். தனியார் வீடு வாங்கினாலோ, அது அவனுக்கு இரண்டாவது வீடு. அன்றுள்ள விகிதத்தில் கூடுதல் வரி விழும். இளம் வயதில் கிடைக்க வேண்டிய முதல் வீட்டுச் சலுகையை, அவன் 12 வயதில் இருக்கும்போதே பெற்றோர் செலவழித்துவிட்டார்கள்.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு. மூத்தவனுக்கு வீடு, இளையவளுக்கு? அன்றைக்குப் பணம் இருக்குமா?

காகிதத்தில் மட்டும் டிரஸ்ட்

சிலர் வேறு மாதிரி நினைப்பார்கள். “பத்திரத்தில் மகன் பெயர் இருக்கட்டும், மற்றதெல்லாம் நம் கையில்தானே.” இது வெறும் சூழ்ச்சி. வரியைத் தவிர்ப்பதற்காகவே செய்த ஏற்பாடு என்று கண்டறிந்தால் அதை ஒதுக்கித் தள்ளி, உரிய வரியையும் அதன் மீது 50 விழுக்காடு கூடுதல் கட்டணத்தையும் விதிக்க வருவாய் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஒருவர் 99 விழுக்காடும் இன்னொருவர் 1 விழுக்காடும் வைத்துக்கொண்ட வீட்டுப் பரிவர்த்தனைகளை 2023இல் ஆணையம் ஆராயத் தொடங்கியதை நேயர்கள் அறிந்திருப்பார்கள்.

கடன்காரரிடமிருந்து சொத்தைக் காக்க டிரஸ்ட் போடுவோரும் உண்டு. ஒருவர் நொடித்துப்போனால், அதற்கான விண்ணப்பத்துக்கு முந்திய மூன்று ஆண்டுக்குள் அவர் இலவசமாகக் கொடுத்த சொத்தைத் திரும்பக் கொண்டுவர நீதிமன்றத்தை நாட முடியும். தொழில் ஆடிக்கொண்டிருக்கும்போது அவசரமாகப் போடும் டிரஸ்ட் காப்பாற்றும் என்று நம்பியிருக்கக்கூடாது.

வேறு வழிகள்

அப்படியானால் பிள்ளைக்கு எதுவும் சேர்த்து வைக்கக்கூடாதா? அப்படி இல்லை. நோக்கம் என்ன என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தம் காலத்துக்குப் பிறகு பிள்ளைக்குச் சொத்து போக வேண்டும் என்பதே நோக்கமானால், உயில் எழுதினால் போதும். சிங்கப்பூரில் 2008 பிப்ரவரி 15 முதல் மரணச் சொத்து வரி கிடையாது. உயிலின்படி பிள்ளைக்குச் சேரும் வீட்டுக்கு முத்திரை வரியும் இல்லை. பிள்ளை சிறு வயதில் இருந்தால், 25 வயது வரை நம்பிக்கையான ஒருவர் டிரஸ்டியாக வைத்திருக்கட்டும் என்று அந்த உயிலிலேயே எழுதலாம். உயிரோடு இருக்கும் வரை சொத்து பெற்றோரிடம் இருக்கும். மனம் மாறினால் உயிலையும் மாற்றலாம். மத்திய சேம நிதிப் பணம் மட்டும் உயிலில் சேராது. அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும்.

வாடகை வருமானம்தான் நோக்கமானால், வரியைக் கட்டிவிட்டுச் சொந்தப் பெயரில் கடனோடு வாங்குவது ஒரு வழி. ஆனால் 572,600 வெள்ளி போட்ட பிறகும் குறைந்தது ஓராண்டுத் தவணைக்குக் கையில் பணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீடு ஆறு மாதம் காலியாகக் கிடந்தால் தவணை நிற்காது.

டிரஸ்டும் கடனும் முறையாகச் சேர்ந்து இயங்கும் இன்னொரு முதலீடும் உண்டு. அது ரீட் எனப்படும் சொத்து முதலீட்டு டிரஸ்ட். 2002இல் கேப்பிட்டாமால் டிரஸ்ட் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது முதல் இது இங்கே வளர்ந்துள்ளது. கடைத்தொகுதிகளையும் அலுவலகக் கட்டடங்களையும் டிரஸ்ட் வைத்திருக்கும். சிறு தொகை போட்டு அதன் பங்குகளை வாங்கலாம். வரிச் சலுகைக்காக, வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90 விழுக்காட்டைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தர வேண்டும். கடன் வாங்குவது டிரஸ்ட், முதலீட்டாளர் அல்லர். அந்தக் கடனும் சொத்து மதிப்பில் 50 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது நாணய ஆணையத்தின் வரம்பு. இதிலும் இழப்பு உண்டு. 2022இலும் 2023இலும் வட்டி ஏறியபோது பல ரீட் பங்குகள் விலை இறங்கின. ஆனால் போட்ட பணத்துக்கு மேல் யாரும் வீட்டுக் கதவைத் தட்டமாட்டார்கள்.

கையெழுத்துக்கு முன்

வழக்கறிஞரிடம் போகும் முன், கணவனும் மனைவியும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இந்த வீடு இனி நமதில்லை என்பதற்கு இருவரும் மனதார ஒப்புகிறோமா? இதைக் கொடுத்த பின் நம் முதுமைக்கு என்ன இருக்கும்? வேலை போனால் எத்தனை மாதம் தவணை கட்ட முடியும்? பிள்ளை 21 வயதில் இதை விற்றால் நமக்கு வருத்தம் வராதா?

நான்குக்கும் தெளிவான பதில் இருந்தால் டிரஸ்ட் ஒரு நல்ல கொடை. ஒன்றுக்குப் பதில் தடுமாறினாலும் பத்திரத்தை அன்று எழுதக்கூடாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் பெரியவர்கள். பிள்ளைக்குக் கொடுப்பதையும் அளந்தே கொடுக்கலாம். வயதான காலத்தில் பெற்றோர் கடனில்லாத வீட்டில் நிம்மதியாக இருப்பதும் பிள்ளைக்கு விட்டுச் செல்லும் சொத்துதான்.